சிங்கப்பூர் எத்தனை நாள்?

அப்பாயிக்குத் தூரம் என்றால் நாள் கணக்குதான். மன்னார்குடி அரை நாள். திருச்சி போய் வர ஒரு நாள். சிங்கப்பூர் எட்டு நாள். 2011இல் எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, திருவாரூர் வீட்டுத் திண்ணையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டது.

“சிங்கப்பூரு இப்ப எத்தன நாளுடா தம்பி?”

“நாலு மணி நேரம் அப்பாயி.”

“நாலு நாளா?”

“நாளு இல்ல அப்பாயி, மணி. காலையில இட்லி தின்னுட்டு ஏறுனா மத்தியானச் சோறு அங்க.”

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “அப்ப ஒங்க தாத்தா வந்திருக்கலாம்ல” என்றது.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தாத்தா 1949இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் போனவர். செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலி வேலை. 1961இல் ஊரில் அவருடைய அம்மா இறந்துபோனார். தந்தி கொடுத்தார்கள். தந்தி அவர் கைக்குப் போவதற்குள் இங்கே சாம்பல் அள்ளியாகிவிட்டது. அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது. அவர் வரவில்லை. ஒரே பிள்ளை அவர். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன். அப்பாயி அதைக் கடைசி வரைக்கும் ஒரு குறையாகவே வைத்திருந்தது.

வந்திருக்கலாமா, முடியாதா? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் முதலில் எண்களைத் தேடுவேன்.

*

இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால், பூமியை உருண்டை என்று வைத்துக்கொண்டு அவற்றுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். பத்து வரி நிரல். திருச்சி விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் சுமார் 2,980 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சுமார் 2,330 கிலோமீட்டர்.

இந்த எண்கள் ராஜராஜன் காலத்திலும் இதேதான். மாறிக்கொண்டே இருந்தது இன்னொரு எண்: அதைக் கடக்க எத்தனை நாள்?

இதற்கு எனக்குத் தெரிந்து ஆகப் பழைய பதில் ஒரு சீனத் துறவியிடம் இருக்கிறது. யீ ஜிங் 671இல் குவாங்சோவிலிருந்து கப்பலேறி இந்தியா வந்தவர். தன் காலத்தில் புத்த மதம் படிக்க இந்தியாவுக்குப் பயணம் செய்த துறவிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்தார். அதில் வூ சிங் என்று ஒருவர் வருகிறார். ஸ்ரீவிஜயத்துக்கு வந்து, அங்கிருந்து கடாரம் வந்து, குளிர்காலத்தின் முடிவில் மேற்கே கப்பலேறுகிறார். முப்பது நாளில் நாகப்பட்டினம். அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை.

முப்பது நாள். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா, பினாங்குக்குப் பக்கத்து வீடு மாதிரி. எனவே அதே 2,330 கிலோமீட்டரை வைத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 78 கிலோமீட்டர், மணிக்கு மூன்றே கால். நம் ஊர்த் தேர் அசைந்து வருவதை விட வேகம்தான், ஆனால் மனிதன் வீசி நடந்தால் இதைத் தாண்டிவிடுவான். காற்று விழுந்து கப்பல் நின்ற நாட்களும், வழியில் தண்ணீர் பிடிக்க ஒதுங்கிய நாட்களும் இதற்குள் அடங்கியிருக்கும்.

“குளிர்காலத்தின் முடிவில்” என்பது இதில் முக்கியம். கிழக்கிலிருந்து மேற்கே வர வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். மேற்கிலிருந்து கிழக்கே போகத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். போய்த் திரும்ப வேண்டுமென்றால் காற்று திசை மாறும்வரை அக்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பயணம் முப்பது நாள் என்றால் காத்திருப்பு மாதக்கணக்கில். கடாரத்தில் இருப்பவனுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சாவுச் செய்தி போனால், அவன் திரும்பி வரும்போது முதல் வருஷத் திதியே நெருங்கிவிடும்.

இவ்வளவு மெதுவான வழியில்தான் அவ்வளவு பெரிய போக்குவரத்தும் நடந்திருக்கிறது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர வம்சத்து மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினான். அதன் செலவுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் டச்சுக்காரர்களோடு ஹாலந்துக்குப் போய் லெய்டன் நகரில் தங்கியதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. ஆனைமங்கலம் எங்கோ இல்லை, கீழ்வேளூர்ப் பக்கம். நாங்கள் நாகப்பட்டினத்துக்குப் பஸ்ஸில் போகும் வழிக்குச் சமீபம். அந்த ஊர் வயலில் விளைந்த நெல், கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜா கட்டிய கோயிலுக்கு விளக்கெரிக்கப் போனது. சில பத்தாண்டுகளுக்குள், சுமார் 1025இல், ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் அதே கடாரத்தின் மேல் படையெடுத்தான். நட்பும் போரும் ஒரே காற்றில்தான் போயின.

*

அடுத்த எண்ணூறு ஆண்டுகளில் தூரம் பெரிதாகக் குறையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு விஷயங்கள் அதைக் குறைத்தன. இரண்டும் நிலக்கரியில் ஓடியவை.

ஒன்று ரயில். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861இல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்த பாதை திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போனது. தென்னிந்தியாவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று. வண்டல் நிலத்துக்கு இவ்வளவு சீக்கிரம் ரயில் வந்ததற்கு முக்கியக் காரணம் துறைமுகம். நெல் கடலுக்குப் போக வேண்டும். கொஞ்ச காலத்தில் நெல்லோடு ஆளும் போனது.

இன்னொன்று நீராவிக் கப்பல். காற்றுக்காகக் காத்திருக்கும் வேலை அதோடு போயிற்று. மலாயாவின் கரும்புக்கும் காப்பிக்கும், பிறகு ரப்பருக்கும் ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராக வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் குடியேறுவோர் முகாம்கள் இருந்தன. அங்கே சில நாள் தங்கி, மருத்துவச் சோதனை முடிந்த பிறகுதான் கப்பல். நாகப்பட்டினக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். அந்தப் பக்கம் பினாங்கில் இறங்கினால் நேராகத் தோட்டத்துக்குப் போக முடியாது. நோய்ப் பயத்தில் ஜெரஜா தீவில் நிறுத்தி வைப்பார்கள். கடலைக் கடக்கும் நாட்களுக்கு இணையாக இரண்டு கரையிலும் காத்திருக்கும் நாட்கள் சேர்ந்துகொண்டன.

தாத்தா போன கப்பல் ‘ரஜுலா’. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது வருஷம் இதே தடத்தில் போய்வந்த கப்பல். ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாயை விரித்து இடம் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். “பக்கத்துப் பாய்காரன் சிங்கப்பூர்ல எறங்குற வரைக்கும் சொந்தக்காரன் மாதிரி, எறங்குனதும் யாரோ” என்பார் தாத்தா.

கணக்குக்கு வருவோம். கப்பல் மணிக்கு 12 கடல் மைல் போகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டரில் சுமார் 22. நாகப்பட்டினம்–பினாங்கு 105 மணி நேரம், அதாவது நாலரை நாள். பினாங்கில் நின்று, போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் நின்று, சிங்கப்பூர் சேர ஒரு வாரத்தைத் தொட்டுவிடும். திருவாரூரிலிருந்து ரயிலேறி நாகப்பட்டினத்தில் காத்திருந்ததையும் சேர்த்தால் அப்பாயியின் எட்டு நாள் சரியாக வருகிறது.

*

வேலையில் எனக்கு அடிக்கடி தொல்லை கொடுக்கும் ஒரு கோப்பு உண்டு. உலகத்தின் எந்த ஊரில், எந்த வருஷம், கடிகாரம் எப்படி ஓடியது என்று பதிவு செய்து வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளம். ஏறக்குறைய எல்லாக் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் உள்ளே இது இருக்கிறது. ஒருநாள் ஏதோ பிழை தேடும்போது சிங்கப்பூருக்கான வரிகளைப் படித்தேன்.

1905இலிருந்து கிரீன்விச்சுக்கு ஏழு மணி முன்னால். 1933இல் அதோடு இருபது நிமிடம் கூடுகிறது. 1941 செப்டம்பரில் ஏழரை ஆகிறது. 1942 பிப்ரவரி 16 அன்று ஒரே தாவலாக ஒன்பது. 1945 செப்டம்பர் 12இல் மறுபடியும் ஏழரை.

அந்த ஒன்பது, டோக்கியோ நேரம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மறுநாள் முதல் கடிகாரமும் விழுந்தது. அந்த மூன்றரை வருஷம் நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் வழக்கமான கப்பல் இல்லை, கடிதம் இல்லை. பணம் வரவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லை. டெல்டாவில் எத்தனையோ பெண்கள் பூவும் பொட்டுமாக, ஆனால் எதற்கு வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் இருந்த காலம் அது. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வீடுகளுக்குப் பல இடங்களில் கடைசி வரை செய்தியே வரவில்லை. தூரம் அதே 2,330 கிலோமீட்டர். பயண நேரம் என்ற கட்டத்தில் போட எண் இல்லை.

அதே கோப்பில் இன்னொரு வரி. 1981 டிசம்பர் 31 இரவு சிங்கப்பூரில் பதினொன்றரை மணி, பன்னிரண்டு ஆகிறது. மலேசியா தன் கிழக்குப் பகுதியின் நேரத்தோடு தீபகற்பத்தை ஒன்றாக்க, சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. அதனால் தாத்தாவின் சிங்கப்பூர் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால். என் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

*

சரி, 1961. தாத்தா வந்திருக்கலாமா?

அப்போது விமானம் இருந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறந்துகொண்டுதான் இருந்தது. கடற்படைத் தளத்துக் கூலிக்கு அந்த டிக்கெட் மாதக்கணக்கான சம்பளம். ஆக வாகனம் இருந்தது, அவருக்கு இல்லை. அப்படியே கடன் வாங்கி ஏறியிருந்தாலும் தந்தி ஒரு நாள் பிந்தியது. சென்னையில் இறங்கி ரயிலில் திருவாரூருக்கு ஒரு ராத்திரி. இங்கே வெயில் காலம். காலையில் போன உயிர், பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

காகிதமும் உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் வந்த பிறகு, போனவன் திரும்ப உள்ளே நுழைவதற்கு அனுமதிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. அம்மா சாவுக்குப் போய் வேலையை இழந்தால் வீட்டில் மற்ற ஏழு வயிறு என்ன செய்யும்?

நெட்வொர்க்கில் ஒரு பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றால், நாங்கள் கம்பியின் வேகத்தை மட்டும் பார்க்க மாட்டோம். எந்தெந்த இடத்தில் வரிசையில் நிற்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் நேரம் ஓட்டத்தில் போவதில்லை, வரிசையில்தான் போகும். தாத்தாவின் பயணத்தில் செய்தி, பணம், விடுமுறை, சீட்டு, கப்பல், ரயில் என்று ஆறு வரிசை. அதில் கப்பலை மட்டும் எடுத்துவிட்டு விமானத்தை வைத்தால் மிச்சம் ஐந்து அப்படியே நிற்கும். அப்பாயி உயிரோடு இருந்தபோது இதை இப்படிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. “வந்திருக்க முடியாது அப்பாயி” என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

பிரிட்டிஷ்காரர்கள் தளத்தை மூடிக்கொண்டு 1971இல் போனார்கள். குடியுரிமை இல்லாத தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். தாத்தாவும் அதே ரஜுலாவில் வந்தார், இரண்டு டிரங்குப் பெட்டியோடு. ஒன்று இப்போதும் எங்கள் வீட்டில் அரிசி போட்டு வைக்கப் பயன்படுகிறது. சில வருஷத்தில் ரஜுலாவும் உடைக்கப் போனது. அதன் இடத்துக்கு ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. 1985இல் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து மலேசியா, சிங்கப்பூருக்கான பயணிகள் கப்பல் காலம் அதோடு முடிந்தது. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கிழக்கே பார்த்து நின்ற நாகப்பட்டினம், மீன்பிடி ஊராக மட்டும் மிஞ்சியது.

அந்தக் கிழக்கிலிருந்து 2004 டிசம்பர் 26 காலையில் ஒன்று வந்தது. சுமத்ராவுக்குப் பக்கத்தில் இந்திய நேரப்படி ஆறரை மணிக்குப் பூமி பிளந்தது. ஒன்பது மணி வாக்கில் அலை நாகப்பட்டினத்தில் ஏறிவிட்டது. சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. மூன்றரை, நாலு கிலோமீட்டர் ஆழமுள்ள வங்காள விரிகுடாவில் அது மணிக்கு அறுநூறு, எழுநூறு கிலோமீட்டரில் ஓடும். கப்பல்கள் நாலு நாளும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்ட கடலை அலை இரண்டரை மணி நேரத்தில் கடந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நான் அப்போது பள்ளியில் இருந்தேன். அது வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி மட்டும் அன்று வரிசையில் நின்றுவிட்டது.

*

இன்றைக்கு எங்கள் துறைமுகம் திருச்சி. 2012இல் அதைச் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார்கள். 2024இல் புது முனையம் வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா என்று போகும் விமானங்களில் பாதிப்பேர் முகத்தைப் பார்த்தாலே ஒரத்தநாடா பட்டுக்கோட்டையா என்று சொல்லிவிடலாம்.

விமானம் 2,980 கிலோமீட்டரை மணிக்கு எண்ணூற்றுச் சொச்சம் வேகத்தில் கடக்கிறது. ஏற, இறங்க, தரையில் ஊர்ந்துபோக எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம். இதிலும் காற்று உண்டு. தென்மேற்குப் பருவத்தில் கடல்மட்டத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், பாய்மரக் கப்பலை அதுதான் கடாரத்துக்குத் தள்ளியது. அதே மாதங்களில் வானத்தின் உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1958இல் இதை விளக்கி எழுதினார். அதன் உச்ச வேகம் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலேதான், ஆனாலும் கொஞ்சம் உறைக்கும். ஆக ராஜேந்திரனின் கப்பலுக்குச் சாதகமான அதே மாதத்தில், எங்கள் விமானம் சிங்கப்பூர் போகச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

நாலு மணி நேரம் என்பதும் ஒரு வாக்குறுதி இல்லை. 2020 மார்ச்சில் இந்தியா வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்தியது. மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27இல். இடையில் சிறப்பு விமானங்கள் இருந்தன. பதிவு, அனுமதி, சோதனை, தனிமை. ஜெரஜா தீவு திரும்ப வந்த மாதிரி இருந்தது. என்னுடன் தங்கியிருந்த ஒருவர் தன் அம்மாவின் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தார். சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்று நான் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போனது 2023 ஜனவரியில். தங்கச்சி கூப்பிட்டபோது என் கைப்பேசியில் மணி 1.50, செவ்வாய்க்கிழமை. ஊரில் இரவு 11.20, இன்னும் திங்கட்கிழமை. காலை விமானத்தில் டிக்கெட் இருந்தது. விலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் வாங்க முடிந்தது என்பதைப் பின்னால்தான் யோசித்தேன். திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் தாண்டி, கொரடாச்சேரி தாண்டி வீட்டு வாசலில் நின்றபோது மத்தியானம் மூன்று. நேர வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் பதினைந்து மணி நாற்பது நிமிடம். அதில் வானத்தில் இருந்தது நாலு.

அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். தெருமுனைக் கடையில் நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்களே, கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டி. அடியில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது, கரண்ட் போனால் போட ஜெனரேட்டரும் பக்கத்தில். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். விமானம் மட்டும் வந்திருந்தால் அவர்களில் பலர் சாம்பலுக்குத்தான் வந்து சேர்ந்திருப்பார்கள். இந்தப் பெட்டியும் கூட வந்ததால்தான் முகம் பார்க்க முடிகிறது.

“வந்துட்டியா” என்றார் அம்மா. அப்புறம் யாரிடமோ, “புள்ள வந்துட்டான், ஆக வேண்டியதப் பாருங்க” என்றார்.

எல்லாம் முடிந்து திதி குறிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம். என் கடிகாரத்தில் செவ்வாய், இங்கே திங்கள். எந்த நாளை வைப்பது? வந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, உசுரு எந்த ஊர்ல போச்சோ அந்த ஊரு நேரந்தான். நீங்க எங்க இருந்தீங்கங்கறது கணக்குல வராது.”

ராத்திரி அரிசி எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது மூடியின் உள்பக்கம் தாத்தா பெயரும் ‘நாகப்பட்டினம்’ என்ற எழுத்தும் வெள்ளைப் பெயிண்டில் பாதி உரிந்து இருந்தன. அப்பாயி இருந்திருந்தால் கட்டாயம் கேட்டிருக்கும். இந்தத் தடவை சரியான பதில் சொல்லியிருப்பேன்: முக்கால் நாளுக்கும் கொஞ்சம் குறைவு அப்பாயி. தாத்தாவால் முடியாது. எட்டு நாளில் ஒரு நாளைக்கூட அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.